எண்ணெய் மாறியது, ரத்தமும் மாறியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நீரிழிவு பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அக்கறையோடு எழுதிய கட்டுரைதான். ஆனால், இது நம் ரத்தத்தில் ஊறிய நோய், பரம்பரை நோய், தமிழராகப் பிறந்துவிட்ட பிறகு என்ன செய்வது என்ற தொனியில் அது முடிந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. வேறு எந்த நாட்டுத் தமிழர் அப்படிச் சொன்னாலும் சரி, மொரீஷியஸ் தமிழர் சொல்லக்கூடாது.

1987இல் நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. அப்போதெல்லாம் பெரும்பாலான வீடுகளில் ரேஷன் எண்ணெய்தான். அதில் பெரும்பகுதி பாமாயில். ஜூலை மாதக் குளிரில் காலையில் எழுந்து பார்த்தால், முந்தின இரவு கத்தரிக்காய் பொரித்த வாணலியில் மிஞ்சிய எண்ணெய் வெள்ளை மெழுகு போல உறைந்து கிடக்கும். அம்மா கரண்டியால் சுரண்டி எடுப்பார். அந்த ஆண்டில்தான் அரசு ரேஷன் எண்ணெயை சோயா எண்ணெயாக மாற்றியது. யாரும் எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் பெரிதாகக் கவனிக்கவில்லை. குழம்பின் ருசி கொஞ்சம் மாறியது, அவ்வளவுதான்.

அதே 1987இலும், மறுபடி 1992இலும், நாடு முழுவதும் ஒவ்வொரு முறையும் 5,000 பேருக்கு மேல் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் மொத்தக் கொழுப்பின் (கொலஸ்ட்ரால்) சராசரி 5.5இலிருந்து 4.7 மில்லிமோலுக்கு இறங்கியிருந்தது. பழைய கணக்கில் ஏறக்குறைய 213 மில்லிகிராமிலிருந்து 182. ஒரு தீவின் சராசரியே ஐந்து ஆண்டில் இப்படி இறங்குவது சாதாரண விஷயம் இல்லை. சிகரெட்டுக்கு எதிராக, உடற்பயிற்சிக்கு ஆதரவாகப் பிரசாரமும் கூடவே நடந்தது உண்மைதான். ஆனாலும் எண்ணெய்க்கு அதில் முக்கியப் பங்கு உண்டு என்றுதான் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். காரணமும் புரியக்கூடியதுதான். பாமாயிலில் ஏறத்தாழ பாதி உறையும் கொழுப்பு, சோயா எண்ணெயில் அது ஏழில் ஒரு பங்கு அளவே. உறையும் கொழுப்பு அதிகமானால், ரத்தத்தில் திரியும் கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் வேலையைக் கல்லீரல் குறைத்துக்கொள்கிறது. உறையும் கொழுப்பைக் குறைத்தால் கல்லீரல் மறுபடி வேலையைத் தொடங்குகிறது. இதில் தமிழ்க் கல்லீரல், ஆப்பிரிக்க வம்சாவளியினரான கிரியோல் மக்களின் கல்லீரல் என்ற பேதம் கிடையாது.

அதே ஆய்வுகளில் வருத்தமான செய்தியும் இருந்தது. அந்த ஐந்து ஆண்டில் உடல் எடை கூடியது, சர்க்கரை நோய் குறையவில்லை. எண்ணெய்க்குக் கொழுப்புதான் பதில் சொன்னது, சர்க்கரை அசையவில்லை. ஏனென்றால் அது வேறு கணக்கு. அந்தக் கணக்கு சோற்றிலும் மைதாவிலும் இருக்கிறது.

பரம்பரை என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் வாதாடவில்லை. நம்மவர்களுக்குத் தொந்தி கொஞ்சம் விழுந்தாலே உள்ளே கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் நம் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று எச்சரிக்கைக் கோட்டைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் 1987 ஆய்வில் இங்குள்ள கிரியோல் மக்களிடமும் சீனர்களிடமும்கூட நோய் அதிகமாகவே இருந்தது. இந்தியா, ஆப்பிரிக்கா, சீனா என்று மூன்று திசையிலிருந்து வந்தவர்களுக்கும் ஒரே நோய் என்றால், மூவரும் இங்கே எதைச் சாப்பிடுகிறோம் என்றுதானே முதலில் பார்க்க வேண்டும்? 2021 கணக்கெடுப்பிலும் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுக்கு முன் என் கணவருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.4 சதவீதம் என்று வந்தது. 6.5ஐத் தொட்டாலே நோய். மாத்திரை கொடுத்தார்கள். "சீனியைக் குறையுங்கள்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். வேறு ஒரு வார்த்தை இல்லை. அவரும் அன்றே தேநீரில் சீனியை நிறுத்தினார். ஆனால் காலையில் இரண்டு ரொட்டி, பத்து மணிக்கு கடைத்தெருவில் ஒரு ஜோடி தோல் பூரி (பருப்பு உள்ளே வைத்த மெல்லிய ரொட்டி), மத்தியானம் குவித்துப் போட்ட சோறு, எல்லாம் அப்படியே. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 8.1. மனுஷர் மிகவும் நொந்துபோனார். "சீனியே தொடாதவனுக்கு எங்கிருந்து வருகிறது சர்க்கரை?" என்று கேட்டார். வெள்ளைச் சோறு வயிற்றில் சர்க்கரையாகத்தான் கரைகிறது, செலவழியாத மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் விடுகிறது என்று அதுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அவருடைய ட்ரைகிளிசரைடு என்ற அந்த ரத்தக் கொழுப்பு ஏறியதும் நல்ல கொழுப்பு இறங்கியதும் அதனால்தான் என்று பிறகு புரிந்தது.

அப்புறம் வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்கும் கருவி வாங்கினோம். ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் ஏழு கறி விருந்து. வழக்கம்போல முதலில் சோறு, பூரி, கடைசியில் பாயசம். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 14.2 மில்லிமோல். அடுத்த ஞாயிறு வீட்டிலேயே அதே விருந்தைச் சமைத்தேன். இலையில் முதலில் முருங்கைக்கீரை, பூசணி, மொச்சைக் கறி மட்டும் வைத்தேன். அவற்றைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சோறு, அதுவும் பாதி. ரசம் விட்டுக் கொடுத்தேன். பாயசம் இல்லை. சாப்பிட்டதும் தெருமுனை வரை ஒரு நடை. அன்று 9.3. அவர் கருவியை நம்பாமல் இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார்! காய்கறியும் பருப்பும் முன்னால் போனால் சோற்றின் சர்க்கரை மெல்லத்தான் ஏறும் என்பது ஆய்வுகளிலும் உறுதியானதே. மாத்திரையை நாங்கள் நிறுத்தவில்லை, மருத்துவரைக் கேட்காமல் யாரும் நிறுத்தவும் வேண்டாம். இப்போது அவருடைய சராசரி 6.7.

சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வையும் கட்டுரையாளர் பார்த்திருக்கலாம். சர்க்கரை எல்லையில் நின்ற இந்தியர்களை உணவையும் நடையையும் திருத்த வைத்தபோது, நோயாக மாறும் வாய்ப்பு ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது. அவர்கள் ரத்தமும் நம் ரத்தம்தானே.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2013 முதல் இனிப்புப் பானங்களில் சர்க்கரைக்கு கிராம் கணக்கில் வரி போடுகிறார்கள், நல்லது. ஆனால் மானியம் என்று வரும்போது அது வெள்ளை அரிசிக்கும் வெள்ளை மாவுக்கும் போகிறது. ஏழை வீட்டில் எது மலிவோ அதுதானே உலையில் ஏறும். அன்று ரேஷன் எண்ணெயை மாற்ற முடிந்த கையால் முழுக்கோதுமை மாவையும் பருப்பையும் மலிவாக்க முடியாதா?

அரசு செய்யும்வரை நம் கோவில் சமையற்கட்டாவது காத்திருக்க வேண்டாம். காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கிறோம். மீனும் இறைச்சியும் இல்லை, சரி. ஆனால் மாலையானால் மிளகாய் வடை, இனிப்பு, வெள்ளைச் சோறு. என் கணவருக்கு ஆண்டிலேயே அதிகமாகச் சர்க்கரை ஏறியது அந்த விரத நாட்களில்தான் என்பதை எண்ணி நான் அழுதிருக்கிறேன். விரதத்தைக் குறை சொல்லவில்லை, நானும் பால்குடம் எடுப்பவள்தான்.

எங்கள் கோவிலில் சமையல் பார்க்கும் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "இலையில் சோறு இல்லாமல் எப்படியம்மா சாமி பேரைச் சொல்லி உட்காரச் சொல்வது?" என்று கேட்டார். "சோறு இருக்கட்டும் அண்ணே, கறி வந்த பிறகு வரட்டும்" என்றேன். யோசித்து, சரி என்றார். வரும் தைப்பூசத்தன்று எங்கள் பந்தியில் முதலில் கீரையும் மொச்சையும் பூசணியும் வரும், கால் மணி கழித்துச் சோறு. பாயசம் சின்னக் கிண்ணத்தில், கேட்பவர்களுக்கு மட்டும். இரண்டு முறை பரிமாறுவதால் ஆள் அதிகம் வேண்டும். தங்கள் வாசகர்களில் யாராவது கைகொடுக்க வந்தால் காலை ஒன்பது மணிக்கே கீரை ஆயத் தொடங்கிவிடுவோம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்