லயத்தின் கதையையும் நடந்து காட்ட வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்கொட்லாந்தில் வசிக்கும் என் மகளிடம் சென்றிருந்தபோது, எடின்பரோ நகரின் பழைய பகுதியை வழிகாட்டி ஒருவருடன் இரண்டு மணி நேரம் நடந்தே பார்த்து வந்தேன். அன்றிலிருந்து என் மனதில் இருக்கும் ஒரு கோரிக்கையை இலங்கையின் மலையக மக்களிடமும் சுற்றுலாத் துறையினரிடமும் முன்வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எடின்பரோவின் பழைய பகுதி, கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை ஒரு குன்றின் முதுகில் இறங்கிச் செல்லும் ரோயல் மைல் என்ற ஒரே வீதியைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. வீதியின் இருமருங்கிலும் மீன்முள்ளைப் போல ஒடுங்கிய சந்துகள் பிரிகின்றன. அவற்றை அங்கே 'குளோஸ்' என்கிறார்கள். இடநெருக்கடியால் வீடுகள் மாடிமேல் மாடியாக எழுந்து, ஏழைகள் ஓர் அறைக்குள் ஒரு குடும்பமாக அடைந்து கிடந்த காலம் இருந்திருக்கிறது. 1995 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்த நகரில் கோட்டையும் தேவாலயமும் பார்க்க வேண்டியவைதாம் என்றாலும், எங்கள் வழிகாட்டியான இளம்பெண் அதிக நேரம் நின்றது பேஸ்லி குளோஸ் என்ற சந்தின் வாசலில்தான்.

1861 நவம்பரில், ஓர் இரவில், அவ்விடத்திலிருந்த பழைய மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 35 பேர் மாண்டார்கள். மீட்பவர்கள் நம்பிக்கை இழந்திருந்த வேளையில், இடிபாடுகளுக்குள்ளிருந்து ஒரு சிறுவன், நான் இன்னும் சாகவில்லை, தோண்டுங்கள் என்ற பொருள்படக் குரல் கொடுத்திருக்கிறான். அவனுடைய முகத்தையும், அவன் பேசிய பேச்சுவழக்கிலேயே அந்தச் சொற்களையும் சந்தின் வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தபடி நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரசனுக்கும் படைத்தலைவனுக்கும் சிலை வைத்த அதே வீதியில், குடியிருந்த வீடு இடிந்து புதையுண்ட ஓர் ஏழைப் பிள்ளைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்களே என்ற நினைப்புத்தான் காரணம்.

அந்த விபத்தை அடுத்து, 1862 இல் நகருக்கு முதன்முறையாக ஒரு சுகாதார வைத்திய அதிகாரி நியமிக்கப்பட்டார். ஹென்றி லிட்டில்ஜோன் என்ற அவர் 1865 இல் வெளியிட்ட அறிக்கை குடியிருப்புகளின் நெருக்கடியை அம்பலப்படுத்த, 1867 இல் நகரைச் சீர்திருத்தத் தனிச் சட்டமே வந்தது. அந்த ஆண்டைக் கேட்டதும் நான் திடுக்கிட்டேன். ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும் அதே 1867 இல்தான். அங்கே ஓர் அறைக்குள் ஒரு குடும்பம் அடைந்து கிடப்பது தீங்கு என்று சட்டம் இயற்றிய காலத்தில், இங்கே தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோர் லயம் எனப்படும் வரிசை வீடுகளில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களில், அதாவது ஒற்றை அறைகளில், அடைக்கப்பட்டார்கள்.

நம் பக்கத்தில் பயணிகளுக்கு என்ன காட்டப்படுகிறது? நுவரெலியாவில் 1894 இல் கட்டப்பட்ட செங்கல் தபால் நிலையம், துரைமார் கூடிய கிளப், தேயிலைத் தொழிற்சாலை, டெய்லர் அமர்ந்த கல்லாசனம். சில மாதங்களுக்கு முன் ஒரு பயணிகள் வான் வண்டியில் நானும் சென்றேன். லயங்களைக் கடந்தபோது வழிகாட்டி 'தொழிலாளர் குடியிருப்பு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, தேயிலைத் தூளின் தரங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். நான் அத்தகைய லயமொன்றில் பிறந்தவள். இஸ்தோப்பு என்ற முன் திண்ணையின் புகையேறிய சுவரில் என் தாயார் கொழுந்துக் கூடை மாட்டிய ஆணி இன்றும் அப்படியே இருக்கிறது.

லயங்கள் என்றென்றும் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணியும் தனிவீடும் கிடைத்து, லயத்தில் ஒருவரும் குடியிருக்காத நாள் விரைவில் வரவேண்டும். அப்படி வெறுமையாகும் லயங்களில் ஒன்றிரண்டையாவது இடிக்காமல் காக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கம்பளைப் பகுதியில் பழைய லயமொன்று தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக மாறியிருப்பது இதற்கு நல்ல முன்மாதிரி. மக்கள் வாழும் வாசலில் கமராவை நீட்டும் வழக்கத்துக்கு மட்டும் ஒருபோதும் இடமளிக்கக் கூடாது. எடின்பரோவில் குடியிருப்பாளர் உள்ள சந்துக்குள் நுழையுமுன் வழிகாட்டி எங்களைக் குரல் தாழ்த்தச் சொன்னார்.

தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு நம் முன்னோர் கடந்து வந்த பாதையை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்கள். அந்தப் பாதையின் கடைசிச் சில மைல்களையும், காலையில் தொழிலாளர் கூடி வேலை பிரிக்கப்படும் பிரட்டுக்களத்தையும், காமன் கூத்து என்ற நாட்டார் கூத்து நடக்கும் இடத்தையும், தோட்டத்து மாரியம்மன் கோயிலையும் இணைத்து, அரை நாளில் நடந்து முடிக்கக்கூடிய வழிகளை அமைக்கலாம். அவற்றை அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே சொல்லிக் காட்ட வேண்டும். பட்டம் பெற்றும் வேலைக்குக் காத்திருப்பவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். சுற்றுலா வழிகாட்டிகளுக்கான பயிற்சியையும் அனுமதிப்பத்திரத் தேர்வையும் ஹட்டன், பண்டாரவளை, மாத்தளை ஆகிய நகரங்களில் தமிழ்மொழியிலும் நடத்துமாறு சுற்றுலாத் துறை அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்.