காமெடி டிராக் எழுதுகிறவர்களுக்கு, கீழ்ப்பாக்கம் பற்றி ஒரு மடல்

வணக்கம். சினிமாவிலும் டிவியிலும் காமெடி எழுதும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மனநல ஆஸ்பத்திரியை வைத்து 'கீழ்ப்பாக்கம் கேஸு' என்ற கவுண்டரைத் தலைமுறை தலைமுறையாக எல்லோரும்தான் எழுதியிருக்கிறீர்கள்.

மூன்று வருடம் முன்பு எனக்கு டிப்ரஷன் வந்தது. அழுகைகூட வராது. பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்துவிட்டு அதை வாய்க்குக் கொண்டுபோகத் தெம்பில்லாமல், பக்கெட் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே பாத்ரூம் தரையில் உட்கார்ந்திருப்பேன், குழாயை மூடவும் கை போகாது. அம்மா கதவைத் தட்டி, "தண்ணி வீணாப் போகுதுடா" என்பார்.

ஒரு ஞாயிறு மதியம், இன்றைக்கு அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் சாப்பிட உட்கார்ந்தேன். டிவியில் அந்த கவுண்டர் வந்தது. அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் யார் மனதையும் நோகடிக்கத் தெரியாத மனிதர். நான் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். அதற்கப்புறம் டாக்டரிடம் போக எட்டு மாதம் ஆனது.

போன அன்றும் ஆட்டோக்காரரிடம் இடத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அயனாவரம் என்று சொல்லி ஏறி, மேடவாக்கம் டேங்க் ரோட்டில் ஆஸ்பத்திரி கேட் வருவதற்கு வெகுமுன்பே இறங்கி, வேறு எங்கேயோ போகிறவன் மாதிரி நடந்தேன். உள்ளே போனால், எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் இருப்பது போல ஓபி சீட்டுக்கு வரிசை, டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்ட டாக்டர், மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், கொஞ்சம் தேறியதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார். இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று இருந்தது.

நீங்கள் கேலி செய்யும் அந்த ஆஸ்பத்திரி 1794-ல் தொடங்கி, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் தலைமையேற்று நடத்திய இடம். அப்புறம் அந்த ஷாக் சீன். மயக்க மருந்து கொடுக்காமல் மின் சிகிச்சை தருவதை 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஆனாலும் உங்கள் காட்சிகளில் இன்னும் தலைமயிர் நட்டுக்கொண்டு ஆள் துள்ளுகிறான். மகனுக்கு அந்த சிகிச்சை தேவை என்று டாக்டர் சொல்லும்போது ஒரு அம்மாவின் கண்ணில் வருவது அந்த சீன்தான். கையெழுத்துப் போட அவருக்கு எப்படி மனசு வரும்?

சிரிக்க வைப்பது பெரிய வேலை, அந்த எட்டு மாதத்தில் என்னைச் சிரிக்க வைத்தவர்களும் உங்களில் சிலர்தான். அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன். அடுத்த டிஸ்கஷனில் யாராவது 'கீழ்ப்பாக்கம்' என்று ஆரம்பித்தால், "இது வேண்டாம்ணே, வேற யோசிப்போம்" என்று ஒருத்தர் சொல்லுங்கள். அந்த அறையிலேயே யாராவது தூக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தால், அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். தமிழிலேயே பேசுவார்கள்.