கடைவீதிக் கட்டடத்தை இடிக்காமல் பழுதுபார்க்க உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்
மூலைக் கட்டட வாடகைக் கடைக்காரர்கள் சார்பாக,
பாத்திரக் கடைக்காரர்,
பழைய கடைவீதி, காரைக்குடி.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சிவகங்கை.

பொருள்: பழைய கடைவீதியின் மூலைக் கட்டடம் – இடிப்பு நோட்டீஸை நிறுத்தி வைத்து, வல்லுநர் குழுவைக் கொண்டு ஆய்வு செய்து, பகுதி பகுதியாகப் பழுதுபார்க்க அனுமதி வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கடைவீதி மூலையில் மாடியோடு கூடிய ஒரு பழைய வணிகக் கட்டடம் இருக்கிறது. கீழே ஒன்பது கடைகள். மேலே இரண்டு தையல் கடை, ஒரு கணக்குப்பிள்ளை அலுவலகம், ஒரு கிட்டங்கி (சரக்கு வைக்கும் அறை). போன ஐப்பசி மழையில், மாடிக் கைப்பிடிச் சுவரின் மூலையில் இருந்த சுதைக் கிளி ஒன்று பெயர்ந்து, கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் மேல் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் கழித்து, இது ஆபத்தான கட்டடம், காலி செய்து இடிக்க வேண்டும் என்று தூணில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

நோட்டீஸே கூடாது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. விழுந்தது விழுந்ததுதான். ஸ்கூட்டர் நின்ற இடத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை நின்றிருந்தால் இந்த மனுவை எழுத எனக்குக் கையே வந்திருக்காது. அன்று மாலையே நாங்கள் கயிறு கட்டி நடைபாதையை மறித்தோம், தளர்ந்து கிடந்த மற்ற சுதைகளையும் கொத்தனாரை வைத்து இறக்கிப் பத்திரமாக உள்ளே வைத்திருக்கிறோம். ஆனால், கிளி விழுந்ததால் கட்டடமே போக வேண்டுமா என்பதை, மச்சுக்கு ஏறிப் பார்த்த ஒருவர்தானே சொல்ல வேண்டும்? எங்களுக்குத் தெரிந்து இதுவரை யாரும் மேலே ஏறவில்லை. ரோட்டில் நின்று படம் எடுத்தார்கள், அவ்வளவுதான்.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பர்மாவில் இருந்து தேக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், வெளிநாட்டில் வியாபாரம் செய்யப் போன ஒரு நகரத்தார் குடும்பம் கட்டியது. சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். முன்னால் தெருவோடு ஒட்டி ஒரு நீண்ட தாழ்வாரம், அதைத் தாங்க வார்ப்பிரும்புத் தூண்கள். மேல்தளம், கொத்தனார்கள் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வது: தேக்கு விட்டம், அதன் மேல் குறுக்குச் சட்டம், சட்டத்தின் மேல் சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. கடைகளுக்கு அப்போது ஷட்டர் கிடையாது. எண் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகக் காடியில் தள்ளிக் கடை சாத்துவார்கள். எங்கள் கடையின் பலகைகள் இன்னும் பரணில் இருக்கின்றன. ஏழாம் பலகை மட்டும் எங்கே போயிற்று என்று வீட்டில் இன்றுவரை சண்டை. என் தாத்தா இந்தக் கட்டடத்தில்தான் பெட்டியடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு தனிக்கடை போட்டார். வருடக் கடைசியில் மாடியில் உட்கார்ந்து ஐந்தொகை (வருடக் கணக்கு முடிப்பு) எழுதுவார்கள் என்றும், அன்று கடைக்கு வரும் எல்லோருக்கும் காப்பி உண்டு என்றும் சொல்வார்.

இவ்வளவு நாள் நின்ற கட்டடம் இப்போது ஏன் நோய்வாய்ப்பட்டது? வயதாகிவிட்டது என்பது பாதிப் பதில். மீதி, நாங்களும் மற்றவர்களும் செய்த கோளாறு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் திரும்ப விட்டுவிடும். இருபது இருபத்தைந்து வருடத்துக்கு முன் 'பலமாக இருக்கட்டும்' என்று அதன் மேல் சிமெண்ட் பூசினோம். ஈரம் வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே தங்கி, காரை மாவாகக் கொட்டத் தொடங்கியது. மாடியில் ஒழுகியபோது தட்டோட்டைப் பெயர்த்துச் சரிசெய்யாமல், அதன் மேலேயே ஒரு படுகை கான்கிரீட் போட்டார்கள். ஒழுகல் நிற்கவில்லை, பாரம்தான் கூடியது. மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்புகள் அடைத்துக்கொண்டன. தேங்கிய தண்ணீர் தேக்கு விட்டத்தின் சுவருக்குள் புதைந்திருக்கும் முனையை உளுக்கச் செய்தது. கைப்பிடிச் சுவரின் இடுக்கில் அரசங்கன்று முளைத்தது. வெட்டினோம், வேர் உள்ளேயே நின்றுவிட்டது. கிளி உட்கார்ந்திருந்த மூலை அதுதான். விளம்பரப் பலகை மாட்ட நாங்கள் அடித்த ஓட்டைகளைக் கணக்கெடுத்தால் எங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

தெருப் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுப் போட்டு, தெரு உயர்ந்துகொண்டே வந்துவிட்டது. என் சிறுவயதில் கடைக்குள் நுழைய மூன்று படி ஏற வேண்டும். இப்போது ஒரே படி, அதுவும் பாதி. மழை பெய்தால் தெருத் தண்ணீர் தாழ்வாரத்தில் ஏறி நிற்கிறது. இரும்புத் தூண்களின் அடியில் துரு பிடித்திருப்பது அதனால்தான். அடித்தண்ணீருக்கு வழி செய்யாமல் தூணை மட்டும் மாற்றினால் புதுத் தூணும் அப்படித்தான் துருவேறும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, எப்படித் தடுப்பது என்று நாட்டுக்கே ஆராய்ந்து சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட நிலையம். கட்டடவியல் துறையோடு அரசு பொறியியல் கல்லூரியும் இங்கேயே இருக்கிறது. சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் சுற்று ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றிய பூச்சுக்குப் பேர் போன நாடு இது. தரைக்கு ஆத்தங்குடிக் கல் வேண்டுமானால் சைக்கிளில் போய் வரும் தூரம். இத்தனையும் கையருகே இருக்க, கட்டடத்தின் கதையை முடிக்க ஒரு ஜேசிபியை மட்டும் கூப்பிடுவது எங்களுக்கு மனசு ஒப்பவில்லை.

இடித்தால் என்ன நடக்கும் என்பதையும் யோசித்துப் பார்த்தோம். தேக்கு விட்டமும் தூணும் கதவும் லாரி ஏறும். வீடுகளைப் பிரித்து நிலை, தூண், கண்ணாடி என்று தனித்தனியாக விற்கும் கடைகள் நம் ஊரில் இருப்பது தங்களுக்குத் தெரியும். அப்புறம் காலி மனை. புதிதாகக் கட்டினால் 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி தெருவில் இருந்து இடம் விட வேண்டும், வண்டி நிறுத்தவும் இடம் காட்ட வேண்டும். விதி நல்ல விதிதான், நூறடி ரோட்டுக்கு. எங்கள் தெருவில் கடைகள் ஒன்றை ஒன்று தோள் உரசி நிற்கின்றன. நடுவில் ஒன்று மட்டும் பின்வாங்கினால் வரிசை பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும், வெயிலுக்கும் மழைக்கும் ஜனங்கள் ஒதுங்கி நடக்கும் தாழ்வாரம் அறுந்துபோகும். புதுக் கட்டடத்தின் வாடகை என்ன, அதைக் கொடுத்துத் தையல்காரர் திரும்பி வருவாரா என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

'குறைந்த வாடகையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால்தான் பேசுகிறீர்கள்' என்று தாங்கள் கேட்கலாம். சரி, அதில் உண்மை இல்லாமல் இல்லை. கட்டடத்துக்குச் சொந்தக்காரரான பெரிய ஆச்சி உயிரோடு இருந்தவரை மாதா மாதம் வந்து, கடை வாசலில் நின்று மோர் வாங்கிக் குடித்துவிட்டு, கொடுத்ததை வாங்கிப் போவார்கள். அவருக்குப் பின் சொத்து பல புள்ளிகளுக்கு (பங்காளிக் குடும்பங்களுக்கு) பிரிந்திருக்கிறது. சென்னையில் சிலர், மலேசியாவில் சிலர். மாடி ஓடுகளை யார் மாற்றுவது என்பதில் அவர்களுக்குள் பேச்சு முடியவில்லை. எங்களுக்கும் பழைய வாடகை வசதியாக இருந்தது. இப்போது ஒன்பது கடைக்காரர்களும் உட்கார்ந்து பேசி, வாடகையை உயர்த்திக் கொடுக்கவும், உயர்த்திய தொகையைப் பழுதுபார்க்கும் செலவுக்கென்றே தனி வங்கிக் கணக்கில் போடவும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பங்காளிகளில் மூன்று புள்ளிகள் போனில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். மற்றவர்களைத் தங்கள் முன்னிலையில் ஒருமுறை கூப்பிட்டுப் பேசினால் வேலை நடக்கும் என்று நம்புகிறோம். நாங்கள் கூப்பிட்டால் வரமாட்டார்கள், ஆட்சியர் அழைத்தால் வருவார்கள்.

மற்ற ஊர்களில் நடந்ததும் எங்களுக்குத் தைரியம் தருகிறது. சென்னை அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது 2006இல் வழக்குப் போய்த் தடை வந்தது. 2010இல் உயர்நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. புதுச்சேரியில் தமிழர் பகுதியான வைசியாள் வீதியில், தனித்தனி வீடாகப் பார்க்காமல் தெருவின் முகப்பு முழுவதையும் சேர்த்துச் சீர்செய்தார்கள். 2008இல் அதற்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது. அதே புதுச்சேரியில் கடற்கரையோர மேரி (பழைய நகராட்சி அலுவலக) கட்டடம் 2014 மழையில் சரிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே திரும்ப எழுப்பி 2021இல் திறந்தார்கள். எழுப்பியது சந்தோஷம்தான், ஆனால் நிற்கும்போதே தாங்கிப் பிடிப்பது வேறு, விழுந்தபின் அச்சு எடுப்பது வேறு.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் ஏறின. கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். எல்லோரும் பார்ப்பது வீடுகளை. அந்த வீடுகளைக் கட்டிய பணம் கடையிலும் கணக்கிலும் பிறந்தது. அந்தக் கணக்கு எழுதிய இடம் எப்படி இருந்தது என்று காட்ட, வீடுகளை விட்டால் எங்கள் ஊரில் மிச்சம் இருப்பது இப்படி ஒன்றிரண்டு கட்டடங்கள்தான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையைத் தேடி வருகிறவர்கள் அதைக் கடைவீதியில் வாங்கிக்கொண்டு, நிழலில் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போக ஒரு இடம் இருந்தால் ஊருக்கும் நல்லது. மாடிக் கிட்டங்கி பாதி காலியாகத்தான் கிடக்கிறது.

ஆகவே தங்களிடம் நாங்கள் வேண்டுவது இது. முதலில், இடிப்பு நோட்டீஸை நிறுத்தி வைக்க வேண்டும். அந்த இடைவெளியில் பாரம்பரியக் கட்டடங்களைப் பழுதுபார்த்த அனுபவம் உள்ள பொறியாளர், மேலே சொன்ன ஆய்வகம், கல்லூரி ஆகியவற்றின் வல்லுநர்கள், நகர் ஊரமைப்புத் துறை அலுவலர் ஆகியோர் சேர்ந்து உள்ளே வந்து, விட்டம் விட்டமாகத் தட்டிப் பார்த்து அறிக்கை தர வேண்டும். அவர்கள் ஒரு பகுதி தேறாது என்று சொன்னால் அந்தப் பகுதியைப் பிரிக்க நாங்களே ஆள் விடுகிறோம், அதில் மறுபேச்சு இல்லை. வரும் ஐப்பசிக்கு முன் மேலே ஏற்றிய கான்கிரீட்டை இறக்கி, தூம்பைத் திறந்து, அரசமர வேரை எடுத்துவிட்டால் பாதி ஆபத்து தீரும். அதற்கு மட்டுமாவது உடனே அனுமதி வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் என்று அனுமதியிலேயே எழுத வேண்டும், இல்லாவிட்டால் வேலையை எடுக்கும் ஒப்பந்தக்காரர் மறுபடி சிமெண்ட் மூட்டையோடு வந்துவிடுவார்.

வேலையை மும்மூன்று கடையாகப் பிரித்துச் செய்தால் யாரும் பிழைப்பை விட்டுப் போக வேண்டியதில்லை. வேலை நடக்கும் மூன்று கடைக்காரர்கள் மாடிக் கிட்டங்கியிலோ எதிர்வாடையிலோ தற்காலிகமாக இருந்துகொள்வோம். பழைய மின்வயர்களை முழுவதும் மாற்றவும், முகப்பை மறைக்கும் ப்ளெக்ஸ் பலகைகளை எடுத்துவிட்டு ஒரே அளவில் சிறிய பெயர்ப்பலகை வைக்கவும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். மாடிக்குக் கழிப்பறை இல்லை என்பது நீண்ட நாள் குறை, பின்கட்டில் அதற்கு இடம் இருக்கிறது.

தெரு விஷயத்தில் ஒன்றே ஒன்று: அடுத்த முறை ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, வடிகாலையும் சரிசெய்து, பழைய மட்டத்துக்கே போட உத்தரவிட வேண்டும். ஊரின் முழுமைத் திட்டத்தில் இந்தக் கடைவீதிக்கு மட்டும் இடம் விடும் விதியையும் வண்டி நிறுத்த விதியையும் வேறு மாதிரி வகுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கடையும் தனக்கென வண்டி நிறுத்தம் காட்டுவதைவிட, கடைவீதிக்கு வெளியே எல்லோருக்கும் பொதுவாக ஒரு நிறுத்துமிடம் அமைத்தால் கொப்புடையம்மன் கோயில் திருவிழா நாட்களிலும் நெரிசல் குறையும். கட்டடத்தை 2012ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டத்தின் கீழ்ப் பரிசீலிக்க அரசுக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறோம்.

தாங்கள் காரைக்குடி வரும் நாளில் அரை மணி நேரம் ஒதுக்கி ஒருமுறை நேரில் வந்து பார்த்தால் பேருதவியாக இருக்கும். மாடிப் படி கொஞ்சம் செங்குத்து, ஆனால் கைப்பிடி உறுதியாக இருக்கிறது. இறக்கி வைத்த சுதைகளையும், விழுந்த கிளியின் துண்டுகளையும் ஒரு சாக்கில் கட்டி என் கடைப் பரணில், அந்த ஆறு பலகைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூலைக் கட்டட வாடகைக் கடைக்காரர்கள் சார்பாக,
பாத்திரக் கடைக்காரர்.

இடம்: காரைக்குடி

இணைப்பு: கடைக்காரர்கள் ஒன்பது பேர், மாடி வாடகைதாரர்கள் மூன்று பேர் கையெழுத்து, நோட்டீஸ் நகல், வாடகை உயர்வு ஒப்புதல் கடிதம், மச்சின் உள்பக்கப் படங்கள்.