பச்சை உனக்குத்தான்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் ஏதாவது ஒரு நாய்க்குட்டி என் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும், பேனாவை வைத்துவிட்டு நானும் பின்னாலேயே ஓடுவேன். இப்போது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்குகின்றன. அரை மணி நேரம் கிடைக்கும்.

முதலில் உன் கோபத்துக்கு வருகிறேன். பிறந்த ஐந்து வாரத்திலேயே குட்டியைக் கேட்டாய், தர மாட்டேன் என்றேன். "நமக்குள் இதெல்லாமா?" என்று எழுதியிருக்கிறாய். உனக்குத் தர மனமில்லாமல் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் திட்டு.

என் நாய் சின்னிக்குக் குட்டி போடும் நாள் நெருங்கியதும் காலையும் மாலையும் உடல் சூடு பார்த்துக் குறித்து வந்தேன். சினையான அறுபத்திரண்டாம் நாள் 37 டிகிரிக்குக் கீழே இறங்கியது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வலி வரும் என்பதற்கு அதுதான் அடையாளம். அன்றிரவே ஆறு குட்டிகள். எல்லாம் ஒரே நிறம். அதனால் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கம்பளி நூலைத் தளர்வாகக் கட்டினேன். பெயர்களும் அவைதான்: சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, வெள்ளை, ஊதா.

சமையலறைத் தராசு அன்றோடு சமையலறையை விட்டுப் போனது. மற்றவை முந்நூறு கிராமை ஒட்டி இருக்க, பச்சை மட்டும் 210. மறுநாள் 202. எடை கூடாத குட்டியை விட்டுவிடக் கூடாது என்று தெரியும். ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. சின்னி வேறு மூக்கால் அதை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. பதறிப்போய்ப் பாலைக் கரைத்துவிட்டு மருத்துவரை அழைத்தேன். "வாயில் ஒரு சொட்டும் விடாதீர்கள், முதலில் சூடேற்றுங்கள்" என்றார். குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாதாம், ஊற்றுகிற பால் வயிற்றிலேயே கெட்டுவிடுமாம். பிறந்த குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளக்கூடத் தெரியாது. தாயும் கூடப்பிறந்தவையும்தான் அதற்கு அடுப்பு.

சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். மெல்லத் தலையை அசைத்து என் சட்டைப் பொத்தானைச் சப்பத் தொடங்கியது. உடனே சின்னியின் பின்பக்கக் காம்பில் கொண்டுபோய் விட்டேன், அங்கேதான் பால் அதிகம். மறுநாள் 209. ஏழு கிராமுக்காக ஒரு மனிதன் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவதை நீ பார்த்திருக்க வேண்டும்.

பதின்மூன்றாம் நாள் கண் திறந்தது. ஒரேயடியாக அல்ல. உள்மூலையில் ஒரு கீறல், அதற்குள் கலங்கிய நீலம். காது கேட்க இன்னும் சில நாள் ஆயிற்று. பாத்திர மூடி கீழே விழுந்து ஆறும் ஒன்றாகத் துள்ளியபோதுதான் எனக்கே தெரிந்தது. அதுவரை சின்னி நக்கிவிட்டால்தான் அவற்றுக்குச் சிறுநீரே இறங்கும். மூன்றாம் வாரம் பல் முளைத்ததும் சின்னி நின்றபடியே பால் கொடுத்தது. பாதியில் நடையைக் கட்டிவிடும், குட்டிகள் காம்பிலிருந்து பொத்துப்பொத்தென்று விழும். நானும் குட்டித் தீனியை வெந்நீரில் கூழாக ஊறவைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். முதல் நாள் தின்றதைவிடப் பூசிக்கொண்டதே அதிகம்.

சரி, நீ கேட்ட ஐந்தாவது வாரம். அன்று சிவப்பு பச்சையின் காதை அழுத்திக் கடித்துவிட்டது. பச்சை வீரிட்டுக் கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திப் போய்விட்டது. சிவப்பு திருதிருவென்று விழித்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தது. இப்படிப் பத்து இருபது முறை நடந்த பிறகு அதன் வாய் தானாக மென்மையானது. இந்தப் பாடத்தை நீயும் நானும் கற்றுக்கொடுக்க முடியாது. ஐந்து வாரத்தில் தூக்கிவந்திருந்தால் அந்தக் கடியெல்லாம் உன் பேத்தியின் கையில் விழுந்திருக்கும்.

எட்டு வாரம் முடிந்ததும் சிவப்பும் நீலமும் போய்விட்டன. கேட்டு வந்தவர்களில் ஒருவர் குட்டியைக் கையில் எடுக்காமலே "காவலுக்கு, கட்டிப்போட்டு வளர்க்க" என்றார். இல்லை என்று அனுப்பிவிட்டேன். இன்னொரு அம்மா மூன்று முறை வந்து, தரையில் உட்கார்ந்து, நூறு கேள்வி கேட்டார். நீலம் அவரிடம்தான் இருக்கிறது. சின்னி ஒரு சுற்று தேடிவிட்டுப் படுத்துவிட்டது. நான்தான் நேற்றும் தராசை வைத்துக்கொண்டு சிவப்பைக் கூப்பிட்டேன்.

பச்சை உனக்கு. குடற்பூச்சி மருந்து நான்கு முறை கொடுத்தாகிவிட்டது. தடுப்பூசி ஒன்றுதான் போட்டிருக்கிறது. பதினாறு வாரம் வரை மற்றவற்றைத் தவறாமல் போடு. அது முடியும்வரை ஊர் நாய்கள் திரியும் இடத்தில் தரையில் விடாதே, பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் குட்டிகள் பிழைப்பது கடினம். அதற்காக வீட்டுக்குள் பூட்டியும் வைக்காதே. கையில் தூக்கிக்கொண்டு குடை, வண்டிச் சத்தம், தாடிக்காரர் எல்லாவற்றையும் காட்டு. இப்போது பார்க்காததற்கெல்லாம் பின்னால் பயப்படும்.

வரும்போது ஒரு பழைய துண்டு கொண்டுவா. இரண்டு நாள் இங்கே தங்கு, அந்தத் துண்டு சின்னியின் படுக்கையில் கிடக்கட்டும். முதல் ராத்திரி பச்சை அழும்போது அதைத்தான் பக்கத்தில் போட வேண்டும். துவைத்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்