‘கேம்பிங் குக்ரி’ என்று விற்ற அலங்காரக் கத்தி: பணத்தைத் திருப்பித் தரவும் விளம்பரத்தை நீக்கவும் கோரும் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.
(முழு முகவரியும் ஆர்டர் எண்ணும் இணைப்பில்)

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
மலையேற்ற, முகாம் பொருட்கள் இணைய விற்பனை நிறுவனம்,
சென்னை.

பொருள்: விறகு பிளக்கும்போது பிடி கழன்று அலகு பறந்த குக்ரி (நேபாள வளைகத்தி) – பணம் திரும்பப் பெறுதல், பிற வாடிக்கையாளர்களை எச்சரித்தல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

உங்கள் வாடிக்கையாளர் சேவையிலிருந்து கடைசியாக வந்த பதிலிலிருந்தே தொடங்குகிறேன். “இந்தத் தயாரிப்பு அலங்காரப் பயன்பாட்டுக்கு மட்டுமே. விறகு வெட்டியதால் ஏற்பட்ட சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல. பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது.” அவ்வளவுதான் பதில். ஆனால் இதே பொருளை விற்ற உங்கள் பக்கத்தின் தலைப்பு என்ன தெரியுமா? “நேபாள கூர்க்கா கேம்பிங் குக்ரி – மலையேற்றத்துக்கும் விறகு பிளக்கவும் ஏற்றது.” இரண்டில் எது உண்மை? வாங்கும்போது கேம்பிங், உடைந்தபின் அலங்காரம் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. கிழக்கு நேபாளத்தில் பசந்தபூரிலிருந்து தீன்ஜுரே, மில்கே, ஜல்ஜலே முகடு வழியாக நடப்பதற்கு நண்பர்களுடன் திட்டமிட்டிருந்தேன். ஊரில் அரிவாள் பிடித்துப் பழகிய கை. குக்ரியின் முன்பாரம் வேறு மாதிரி என்பதால் கிளம்புவதற்கு முன்பே ஒன்றை வாங்கி, தோட்டத்தில் மட்டையும் சுள்ளியும் வெட்டிப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வேறு வேலை வந்து பழகிப் பார்க்க நேரமில்லாமல் போனது தனிக் கதை. உங்கள் பக்கத்தில் இருந்த விவரங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். போஜ்பூரே, அதாவது போஜ்பூர் வட்டார வகை. கிழக்கு நேபாளத்துத் தரான் ஊரில் காமி சமூகக் கொல்லர்கள் கையால் அடித்தது. லாரிப் பட்டை எஃகு, அதாவது 5160 என்ற ரகம். சிருவா பிடி: அலகின் இரும்பே பிடியின் கடைசி வரை பட்டையாக ஓடும், இருபுறமும் மரத்துண்டு வைத்து ஆணி அறைந்திருக்கும். எருமைத்தோல் போர்த்திய மர உறை. கூடவே கர்தா, சக்மக் என்ற இரண்டு சிறு கத்திகள். ஒரு வேலைக் குக்ரிக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் எழுதியிருந்தீர்கள். எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. பெட்டியில் வந்ததுதான் வேறு.

அளவு விஷயத்தில் சந்தேகம் இருந்ததால் உங்கள் உதவி எண்ணுக்கும் பேசினேன். நடைக்குப் பத்து அங்குல அலகு போதாதா என்று கேட்டேன். “பத்தெல்லாம் சின்னப் பிள்ளைங்க விளையாடறது சார், பதின்மூணு எடுங்க, கூர்க்கா ரெஜிமென்ட்ல குடுக்கிறதே இதுதான்” என்றார் உங்கள் ஆலோசகர். பிரிட்டிஷ் கூர்க்காப் படையினருக்கு வழங்கப்படும் குக்ரியின் அலகே பத்தரை அங்குலத்தை ஒட்டியதுதான். முதுகில் மூட்டை, தோளில் கூடாரம், ஏற்றம் என்று நடப்பவருக்கு அரைக் கிலோவைத் தாண்டிய ஒவ்வொரு நூறு கிராமும் இடுப்பில் உறைக்கும். பெரிய குக்ரி நேபாளத்தில் இல்லாமல் இல்லை. அது தசைன் பண்டிகையில் கிடா வெட்ட. மலையேற வருபவரிடம் அதைத் தள்ளிவிடுவதற்குப் பெயர் ஆலோசனை இல்லை.

பெட்டியைப் பிரித்ததுமே முதல் முரண். படத்தில் சாதாரணப் பித்தளை மூடி போட்ட பிடி. வந்ததில் பித்தளைச் சிங்கத் தலை. தொலைபேசியில் கேட்டதற்கு, “அது ஃப்ரீ அப்கிரேட் சார்” என்றார்கள். சிங்கத் தலையால் என்ன கெடுதல் என்று நினைப்பீர்கள். குக்ரி வெட்டுவதே அதன் வயிற்றுப் பகுதியில் உள்ள கனத்தால்தான். வேலைக் குக்ரிக்கு முதுகுத் தடிமன் எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் இருக்கும். வீசினால் கத்தி தானாக முன்னே இழுக்கும், கைக்கு வேலை குறைவு. உங்களுடையதில் முதுகு நான்கு மில்லிமீட்டர், பின்னால் சிங்கத்தின் பாரம். வெட்டும் கனம் முழுக்கக் கைக்குள்ளேயே நின்றுவிட்டது. புறப்பட இரண்டு நாள்தான் இருந்தது, மாற்றித் தரப் பத்து நாள் ஆகும் என்றீர்கள். சரி என்று செக்-இன் பெட்டியில் வைத்து பாக்டோக்ராவுக்கு விமானம் ஏறி, காக்கர்பிட்டா எல்லை தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். தரான் வழியாக இந்தக் கத்தியைத் தூக்கிக்கொண்டு போனது கொல்லன் தெருவுக்கு ஊசி கொண்டுபோன மாதிரிதான். ஊசியில் காது இல்லை என்பதுதான் எனக்கு அப்போது தெரியாது.

நடந்ததைச் சொல்கிறேன். குஃபா போக்கரி என்ற இடத்தில், மூவாயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில், ஒரு சிறு விடுதி முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தோம். அங்கே பச்சை மரத்தில் கை வைப்பதில்லை; விடுதிக்கார அம்மா அடுக்கி வைத்திருந்த காய்ந்த குராஸ் (ரோடோடென்ட்ரான்) மரக் கட்டைகளிலிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டோம். கை மொத்தம் உள்ள ஒரு கட்டையில் போட்ட ஐந்தாறு வெட்டிலேயே பிடி ஆடத் தொடங்கியது. அடுத்த வீச்சில் பிடி மட்டும் என் கையில் இருந்தது. அலகு சுழன்றுகொண்டே போய், அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த நண்பருக்கும் எங்கள் வழிகாட்டிக்கும் நடுவே மண்ணில் குத்தி நின்றது. இரண்டு பேருக்கும் இடையில் ஒரு முழம்கூட இடைவெளி கிடையாது. யாருக்கும் காயமில்லை. அதனால்தான் இது புகார் கடிதமாக வருகிறது, வக்கீல் நோட்டீஸாக வரவில்லை.

விடுதிக்கார அம்மா உள்ளே போய்த் தன் குக்ரியை எடுத்து வந்து மிச்சக் கட்டையைப் பிளந்து கொடுத்தார். புகை ஏறிக் கறுத்த அலகு, விரிசல் விட்ட பிடியில் சுற்றிய கம்பி. பளபளப்பு மருந்துக்கும் கிடையாது. ஒவ்வொரு வெட்டும் நின்று இறங்கியது.

திரும்பும் வழியில் தரானில் ஒரு பட்டறைக்கு உடைந்த துண்டுகளை எடுத்துப் போனோம். சரிசெய்ய முடியுமா என்று கேட்கத்தான் போனேன். “அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்கள்” என்று வழிகாட்டி நீட்டினார். கொல்லர் அலகைக் கையில் வாங்கி ஒரு தட்டுத் தட்டினார், அப்புறம் அரத்தை எடுத்தார். வெட்டும் முனைப் பக்கம் ஓட்டினார், அரம் தின்றது. முதுகுப் பக்கம் ஓட்டினார், அதே மாதிரி தின்றது. பிறகு தன் பட்டறையில் செய்த குக்ரி ஒன்றை எடுத்து என் கையிலேயே அரத்தைக் கொடுத்தார். முனையில் அரம் வழுக்கிக்கொண்டு ஓடியது, முதுகில் பிடித்தது. கடினமான இரும்பில் அரம் வழுக்கும், இளகலானதில் தின்னும்.

காரணத்தையும் அங்கேயே பார்த்தேன். உலையில் சிவக்கக் காய்ச்சிய அலகை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, சாதாரணத் தேநீர்க் கெட்டிலின் மூக்கு வழியாக முனையின் நீளத்துக்கு மட்டும் தண்ணீரை ஓடவிட்டார் இன்னொருவர். முனை கறுக்கும்போது முதுகு இன்னும் சிவந்தே இருந்தது. தோய்ச்சல் முனைக்கு மட்டும்தான். முனை கடினமாகிக் கூர் நிற்கும், முதுகு இளகலாக இருந்து அடியின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். “கையால் அடித்தது” என்று நீங்கள் காசு வாங்குவது இந்த வேலைக்குத்தான். நீங்கள் அனுப்பியதில் இது எதுவும் நடக்கவில்லை. கண்ணாடி போல மினுக்கிய மிருதுவான ஸ்டெயின்லெஸ் தகடு அது. ஐந்தாறு வெட்டிலேயே முனை ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. நகத்தை ஓட்டினால் தடுக்கியது.

பிடிக்குள் இருந்த பசையைக் கொல்லர் சுரண்டி எடுத்துக் காட்டினார். சிருவா என்றீர்களே, உள்ளே இருந்தது கட்டைவிரலின் ஒரு கணு அளவுக்கு ஒரு முளை. வெளியில் தெரிந்த மூன்று பித்தளை ஆணிகளும் மரத்தோடு முடிந்துவிட்டன. இரும்பைத் தொடவே இல்லை. அதாவது ஆணி போன்ற தோற்றத்துக்காக ஒட்டியவை. அலகின் வால் மெலிந்து பிடிக்குள் போகும் வகையும் நேபாளத்தில் உண்டு, அதுவும் நல்ல வகைதான். ஆனால் அதில் வால் பிடி முழுவதையும் கடந்து, கடைசி மூடியில் வெளியே வந்து, தட்டி மடக்கப்பட்டிருக்கும். உள்ளே லாஹா என்ற பிசின் பிடித்துக்கொள்ளும். உங்களுடையது அதுவும் இல்லை, இதுவும் இல்லை. விறகு வேண்டாம், ஒரு பூசணிக்காய் வெட்டினாலே ஒருநாள் கழன்றிருக்கும். அலகு பறப்பது என் பயன்பாட்டால் வந்த சேதம் அல்ல, உங்கள் பொருளின் குறை.

உறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரம் என்றது அட்டை. தோல் என்றது ரெக்சின். நடக்கும்போதே அலகின் நுனி அடியைத் துளைத்துக்கொண்டு வந்து என் கால்சட்டையைக் கிழித்தது. சக்மக் என்பது முனை மழுங்கிய கெட்டி இரும்புத் துண்டு. அலகின் கூரை நீவிச் சரிசெய்யவும், சிக்கிமுக்கிக் கல்லில் உரசித் தீப்பொறி எடுக்கவும் வைத்திருப்பது. நீங்கள் கொடுத்த சக்மக்கும் கர்தாவும் ஒரே அச்சில் வெட்டிய இரண்டு தகரம். நீவப் போனால் சக்மக் வளைந்துவிட்டது.

இதைவிட எனக்குக் கோபம் வந்தது நீங்கள் கூட வைத்த விளக்க அட்டையைப் பார்த்துத்தான். “உறையிலிருந்து எடுத்த குக்ரி ரத்தம் பார்க்காமல் உள்ளே போகாது” என்று பெரிய எழுத்தில் ஒரு வீர வசனம். நேபாளத்து வீடுகளில் தினமும் சுள்ளி ஒடிக்கவும் கோழி நறுக்கவும் எடுத்து வைக்கும் கருவி அது. ரத்தக் கணக்குப் பார்த்தால் ஒருவரும் அடுப்பு மூட்ட முடியாது. அதை அச்சடிக்க இடம் இருந்த அட்டையில், அவசியம் இருக்க வேண்டிய எச்சரிக்கை இல்லை: உருவும்போது உறையின் கூர்ப்பக்கத்தைச் சுற்றி விரல்களை வைக்கக் கூடாது, முதுகுப் பக்கமாகவே பிடிக்க வேண்டும். உறையின் தையல் விட்டிருந்தால் அலகு உறையை அறுத்துக்கொண்டு விரலில் இறங்கிவிடும். குக்ரி பழகுபவர்களுக்கு முதலில் சொல்லித் தரும் பாடமே இதுதான். உங்கள் அட்டையில் உள்ள படத்தில் மாடல் பையன் நான்கு விரலையும் கூர்ப்பக்கத்தில் சுற்றிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். தயவுசெய்து அந்தப் படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். என் பணத்தைவிட அது அவசரம்.

பெட்டியில் எந்த நாட்டில் தயாரானது என்றோ, இறக்குமதி செய்தவர் யார் என்றோ ஒரு வரியும் இல்லை. உங்கள் பக்கத்தில் மட்டும் தரான் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஊர்ப் பட்டறையில் நின்று பார்த்தவன் சொல்கிறேன், இதை அந்தக் கொல்லர்கள் தலையில் கட்டாதீர்கள். அவர்கள் பெயரைப் போட்டு ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள்.

நான் கேட்பது இவை. பொருளின் விலையையும் அனுப்பும் செலவையும் முழுமையாக என் கணக்குக்குத் திருப்ப வேண்டும். கூப்பன், பாயின்ட், அடுத்த ஆர்டரில் தள்ளுபடி எதுவும் வேண்டாம். இதே மாடலுக்குப் பதில் இதே மாடல் வேண்டவே வேண்டாம். விற்பனைப் பக்கத்திலிருந்து கேம்பிங், சிருவா, 5160, தரான் என்ற சொற்களை நீக்க வேண்டும், அல்லது அந்தச் சொற்களுக்கு உரிய பொருளை விற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மாடலை வாங்கிய மற்றவர்களுக்குப் பிடி கழலும் அபாயத்தைப் பற்றி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒரு பிள்ளை இதைத் தூக்கிக்கொண்டு ட்ரெக்கிங் கிளம்பத் தயாராகிக்கொண்டிருப்பான்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

உடைந்த கத்தி, சிங்கத் தலை, உறை எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. ஆய்வுக்கு வேண்டுமென்றால் உங்கள் செலவில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். வருவதற்கு ஒரு நாள் முன்னால் சொல்லுங்கள்; நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த உறையோடு கூரியர் பையன் கையில் கொடுக்க முடியாது, நல்ல அட்டை சுற்றிக் கட்டி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஆர்டர் ரசீது, விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், உங்கள் சேவைப் பிரிவின் பதில், பிடி கழன்ற அலகு, ஒட்டு ஆணிகள், உறையின் அடி ஆகியவற்றின் படங்கள், விளக்க அட்டையின் நகல்.