மனசுக்குப் பட்டது

அன்புள்ள அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "ஏன்டி குரல் இப்படிக் கம்மியிருக்கு?" என்று கேட்டாய். சளி என்று சொல்லிச் சமாளித்தேன். சளியெல்லாம் இல்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், நான் அழுதுவிடுவேன், அதனால்தான் இப்போது எழுதுகிறேன். ராத்திரி டியூட்டி முடிந்து வந்திருக்கிறேன், தூக்கம் வரவில்லை. பயப்படாமல் படி, இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்.

இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. அங்கே 11 வருடம் நர்ஸாக இருந்தேன். இங்கே வார்டில் கால் வைத்த முதல் நாளே அந்த 11 வருடம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஊசி அதேதான், மனுஷ உடம்பும் அதேதான். ஆனால் டாக்டருக்குப் போன் போடும் முன்னால், சொல்லப்போவதை இந்த ஊர் மொழியில் மனசுக்குள் மூன்று தடவை ஓட்டிப் பார்ப்பேன். அதற்குள் சொல்ல வந்த விஷயமே அற்பமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். மருந்து அலமாரியைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். ஷிப்ட் மாறும்போது எல்லோரும் கூடி நின்று பேசுவார்கள். நான் நினைத்ததையே வேறொருத்தி சொல்வாள், எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்கு வரும் பஸ் முழுக்க என்னையே திட்டிக்கொண்டு வருவேன்.

'இவர்களுக்கெல்லாம் தெரியும், உனக்கு ஒன்றும் தெரியாது, ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்.' இதுதான் நாள் பூராவும் தலைக்குள் ஓடும். இதைப் பற்றி பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இலேயே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது படிப்பிலும் வேலையிலும் பேர் எடுத்த 150க்கும் மேற்பட்ட பெண்களை. அவர்களும் 'நான் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்' என்றே நினைத்தார்களாம். படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அடுத்த ராத்திரி டியூட்டிக்கு அந்த ஆறுதல் என்னோடு வரவில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், வயதான மனிதர். வாயாடி. நான் போகும்போதெல்லாம் ஏதாவது கேள்வி கேட்பார். அன்று ராத்திரி ஒன்றும் கேட்கவில்லை. போர்வையின் ஓரத்தை விரலால் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தார். மூச்சை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினேன், 20. சாயங்காலம் 14 இருந்தது. இங்கே ஒரு மதிப்பெண் அட்டை உண்டு, பிரிட்டனில் 2012இல் கொண்டுவந்தார்களே, அதே மாதிரி. நோயாளியின் நிலை மோசமாக மோசமாக மதிப்பெண் ஏறும். மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் அதில் பூஜ்யம்தான். 14க்கும் பூஜ்யம், 20க்கும் பூஜ்யம். பிரஷர் சரி, காய்ச்சல் இல்லை. ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என்னமோ சரியில்லை என்று மனசுக்குப் பட்டது. 'எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வாய்?' என்று உடனே அந்த இன்னொரு குரல். 'நிலை சீராக உள்ளது' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

விடியும்போது மூச்சு 28. தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார் அக்கா, ஒன்பதாம் நாள் எனக்குக் கையசைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அட்டைப்படி நான் செய்தது சரிதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூத்த நர்ஸ் ஒருத்தியிடம் சொல்லிவிட்டேன். அவள் அந்த அட்டையை எடுத்து, கீழே இருந்த ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினாள். 'நர்ஸுக்குக் கவலையாக இருக்கிறதா?' அதை நான் தினமும் வெற்றாக விட்டு வந்திருக்கிறேன். நெதர்லாந்தில் ஒரு குழு 2015இல் இதை அலசியிருக்கிறது. எண்கள் மோசமாகும் முன்பே நர்ஸுகளைக் கவலைப்படுத்தும் அறிகுறிகளைச் சேகரித்து, 10 தலைப்பில் அடக்கினார்கள். மூச்சில் மாற்றம், அமைதியின்மை என்று போகும் அந்தப் பட்டியலில் ஒன்று, 'காரணம் சொல்லத் தெரியாமலே தெரிவது'. அதைப் படித்தபோது அழுதேன்.

உன் தையல் மெஷின் ஞாபகம் வந்தது. பேசிக்கொண்டே மிதிப்பாய், சட்டென்று நிறுத்தி, "பாபின்ல நூல் தீரப் போகுது" என்பாய். திறந்து பார்த்தால் ரெண்டு சுற்றுதான் இருக்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "சத்தம் மாறிச்சு" என்பாய். எனக்கு ஒரு சத்தமும் மாறியிருக்காது. அது மந்திரம் இல்லை, அத்தனை வருஷம் கேட்ட காது. உள்ளுணர்வை நம்பலாமா என்பதில் எதிரெதிர் கட்சியில் இருந்த கானமன், கிளைன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2009இல் சேர்ந்து எழுதியதும் இதைத்தான். ஒழுங்கு உள்ள வேலை, நெடுநாள் பழக்கம், செய்தது சரியா தப்பா என்று உடனுக்குடன் தெரிவது, இவையெல்லாம் இருந்தால் உள்ளுணர்வை நம்பலாம். இல்லாவிட்டால் அது வெறும் ஊகம்.

எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயம். ஏனென்றால் மனசு சொல்வதெல்லாமே சரியாக இருப்பதில்லை. இங்கே ஒருத்தி என்னிடம் சிரிக்கவே மாட்டாள், என்னைப் பிடிக்கவில்லை என்று ஆறு மாதம் அடித்துச் சொன்னது என் மனசு. அவள் எல்லோரிடமும் அப்படித்தான். இந்த ஊர் முகங்களைப் படிக்க எனக்கு இன்னும் பழக்கமில்லை, அதில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் படுத்திருப்பவரின் மூச்சும் தோல் நிறமும் நான் 11 வருஷம் படித்த பாடம். அதை எந்த மொழியாலும் மாற்ற முடியாது.

பாக்கெட்டில் ஒரு குட்டி நோட்டு வைத்திருக்கிறேன். மனசுக்குப் பட்டதை ஒரு பக்கம், அப்புறம் நடந்ததை எதிர்ப்பக்கம் எழுதுகிறேன். எழுத எழுத ஒன்று புரிந்தது. அந்தச் சந்தேகக் குரல் எப்போதும் என்னைப் பற்றித்தான் பேசுகிறது. நீ யார், உனக்கு என்ன தெரியும் என்று ஓயாமல். மற்றது படுத்திருப்பவரைப் பற்றிப் பேசுகிறது. ரெண்டு வார்த்தைதான். 'இவரைப் பார்.'

நேற்று ராத்திரி 3 மணி 20 நிமிஷம். ஒரு பெண்மணி, அட்டையில் மதிப்பெண் ஒன்றே ஒன்று. அதே வயிற்றுப் பிசைவு. போனை எடுக்கும்போது கை நடுங்கியது. நீ என்னைக் கூப்பிடும் பெயரைச் சொல்லி, "போன் போடுடி" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். டாக்டரிடம் பேச இங்கே ஒரு வரிசை உண்டு. என்ன நடக்கிறது, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, என்ன வேண்டும். எட்டு மாதமும் மூன்றாவதைத் தாவியே வந்திருக்கிறேன். நேற்று சொன்னேன். "இவர் மோசமாகிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன், வந்து பாருங்கள்."

வந்தார். ரத்தம் எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார். ஒன்றும் இல்லை. காலையில் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார். பழைய நானாக இருந்தால் வெட்கத்தில் குறுகிப் போயிருப்பேன். டாக்டர் கிளம்பும்போது, "மறுபடியும் இப்படித் தோன்றினால் கூப்பிடுங்கள்" என்றார். கூப்பிடுவேன் அக்கா. நோட்டின் எதிர்ப்பக்கத்தில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் யாரையும் திட்டவில்லை, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

அம்மாவிடம் சளி சரியாகிவிட்டது என்று சொல். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அப்புறம், ஒன்று கேட்க வேண்டும். பாபினில் நூல் தீரும்போது சத்தம் எப்படி மாறும்? கனமாகுமா, லேசாகுமா? அடுத்த தடவை தைக்கும்போது கவனித்து எழுது.

உன் தங்கை