கிராபிக்ஸ் கார்டுக்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேமிங் கம்ப்யூட்டர் வாங்குவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தப் பிராசஸர் (கணக்குப் போடும் மூளை), எந்தக் கிராபிக்ஸ் கார்டு (கேம் படங்களைத் திரைக்கு வரைந்து தருவது), எத்தனை ஜிபி ரேம் என்பதெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் இரண்டு லட்சம், மூன்று லட்சம் போட்டு வாங்குகிற பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பற்றி முழுக் கட்டுரையிலும் ஒரே ஒரு வரிதான் இருந்தது. எங்கள் பக்கத்துக்கு அந்த ஒரு வரி போதாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம், வேலை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பு. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது பல வருடப் பழக்கம் என்பதால் சொந்தக்காரப் பையன்கள், தெருப் பிள்ளைகள், கூட வேலை செய்கிறவர்களின் மகன்கள் என்று யாராவது ஒரு கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரியா இருக்கா பாருங்கண்ணா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி கடைகளோ, பெங்களூர் எஸ்.பி. ரோடோ, சென்னை ரிச்சி தெருவோ, எங்கிருந்து வந்தாலும் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கு முழுப் பெயர் உண்டு, பிராசஸருக்கு உண்டு, கேபினெட்டில் எத்தனை கலர் லைட் ஃபேன் என்பதுகூட எழுதியிருக்கும். எஸ்எம்பிஎஸ் என்ற இடத்தில் மட்டும் "650 வாட்" என்று இருக்கும். கம்பெனி பெயர் கிடையாது, மாடல் கிடையாது.

அந்த வெறும் 650 வாட் என்ன செய்யும் என்பதை என் அக்கா மகன் வீட்டில் பார்த்தேன். பர்கூரில் இருக்கிறான். என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 5070 கிராபிக்ஸ் கார்டு போட்ட மெஷின், கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது, ஒரு எரர்கூட வராமல். வாங்கின கடையில் முதலில் விண்டோஸைத் திரும்பப் போடச் சொன்னார்கள், அப்புறம் கார்டில்தான் கோளாறு என்றார்கள். பக்கத்துக் கதவைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் 650 வாட். கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதில் 12 வோல்ட் என்ற இடத்துக்கு நேராக 25 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பன்னிரண்டை இருபத்தைந்தால் பெருக்கினால் 300 வாட்தான். இன்றைய கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர் இரண்டுமே அந்த 12 வோல்ட் லைனில்தான் ஓடுகின்றன. அந்தக் கார்டு ஒன்றே முழு வேகத்தில் 250 வாட் இழுக்கும், மிச்சம் 50 வாட்டில் பிராசஸரும் ஃபேன்களும் எப்படி ஓடும்? இன்னும் மோசம், கார்டுக்கு இரண்டு வயர் வேண்டிய இடத்தில் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்தது ஒன்றுதான், இன்னொன்றைப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற வயரிலிருந்து கன்வெர்ட்டர் போட்டு இழுத்திருந்தார்கள். கையை வைத்தால் அந்த இடம் சுட்டது. கார்டில் ஒரு குறையும் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றினோம், அதோடு பிரச்சினை தீர்ந்தது.

அதனால் வாங்குகிறவர்கள் தயவுசெய்து அந்த ஸ்டிக்கரைப் பாருங்கள். 12 வோல்ட் லைன் ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருவதுதான் உண்மையான தெம்பு. நல்ல 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இடத்தில் 70 ஆம்பியரை ஒட்டி இருக்கும். 80 பிளஸ் கோல்டு என்ற முத்திரையைக் காட்டி விற்பார்கள், அது நல்லதுதான், ஆனால் அந்த முத்திரை சொல்வது எவ்வளவு கரண்ட் வீணாகாமல் போகிறது என்பதை மட்டும். ஷார்ட் ஆனால் அணையுமா, வோல்டேஜ் எகிறினால் தாங்குமா என்பதை அது சொல்லாது. இப்போதைய பெரிய கார்டுகள் கண் இமைக்கிற நேரத்துக்கும் குறைவாகத் தன் அளவைப்போல இரண்டு மடங்குவரை திடீரென்று இழுத்துவிட்டு இறங்கும், சாதாரண எஸ்எம்பிஎஸ் அதை ஷார்ட் என்று நினைத்துக்கொண்டு அணைந்துவிடும். இதைத் தாங்கவேண்டும் என்றுதான் 2022-இல் ஏடிஎக்ஸ் 3.0 என்ற விதிமுறை வந்தது, அதற்கு அடுத்தது 3.1. பெட்டியில் இந்த எண் இருக்கிறதா என்று கேட்டு வாங்கவேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஆர்டிஎக்ஸ் 5090 மாதிரிப் பெரிய கார்டு வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டபோதே அதன் இந்திய விலை 2 லட்சத்து 14 ஆயிரம். 575 வாட் இழுக்கிற கார்டு, என்விடியாவே 1000 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்கிறது. அத்தனையும் ஒரே ஒரு சின்ன பதினாறு பின் பிளக் வழியாகப் போகிறது. 2022-இல் இதற்கு முந்தைய 4090 கார்டு வந்த புதிதில் இந்த மாதிரிப் பிளக்குகள் உருகியதை உலகம் முழுக்கப் பேசினார்கள், பல இடங்களில் பிளக் முழுசாக உள்ளே போகாமல் இருந்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. டார்ச் அடித்துப் பார்த்து, நூலளவு இடைவெளிகூட இல்லாமல் அழுத்துங்கள். கேபினெட் கண்ணாடி இடிக்கிறது என்று வயரைப் பிளக் பக்கத்திலேயே மடக்காதீர்கள், அகலமான கேபினெட் வாங்குங்கள்.

இனி எங்கள் ஊர்க் கரண்டுக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்தில் மாங்காய் அறுப்புக்கு முன்னும் பின்னும் கோடை மழை இடியும் மின்னலுமாக வரும், கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். கிராமங்களில் லைன் கடைசியில் இருக்கிற வீடுகளில் மோட்டார் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் நன்றாகவே இறங்கிவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருப்பார்கள், அவற்றுக்கு இந்தத் தாழ்வு ஒரு பொருட்டே இல்லை, தனியாக ஸ்டெபிலைசர் வாங்கவேண்டியதில்லை. மலிவானவற்றில் 200 முதல் 240 வரைதான் என்று இருக்கும், எங்கள் பக்கத்துக்கு அது உதவாது.

ஆனால் எவ்வளவு விலை உயர்ந்த எஸ்எம்பிஎஸ்ஸும் எர்த் இல்லாத வீட்டில் தன் வேலையைச் சரியாகச் செய்யாது. கேபினெட்டைத் தொட்டால் கை சுருக்கென்கிறது என்று பல பேர் சொல்வார்கள், சும்மா லேசாகத்தான் அடிக்கிறது என்று விட்டும்விடுகிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டுகிற கெபாசிட்டர்கள் கேபினெட்டோடு சேர்ந்திருக்கும், எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும், இல்லையென்றால் கேபினெட் மேலேயே கிட்டத்தட்ட பாதி வோல்டேஜ் நின்றுவிடும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால்தான் சுருக்கென்பதோடு போகிறது. வோல்டேஜ் எகிறினால் காப்பாற்றும் என்று வாங்குகிற சர்ஜ் ஸ்பைக் போர்டும் எர்த்தை நம்பித்தான் இருக்கிறது. மூன்று லட்சத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் முதலில் ஒரு எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்து, தேவையென்றால் புதிதாகக் குழி போட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். இடி இடிக்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, இன்டர்நெட் வயரையும் கழற்றவேண்டும். மின்னல் அந்த வழியாக வந்து மதர்போர்டைக் கொண்டுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

யுபிஎஸ் விஷயத்திலும் இதே கணக்குதான். வீட்டில் இருக்கிற 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் கொடுக்கும், கேம் ஓடுகிற நேரத்தில் கரண்ட் போனால் கீ என்று கத்திவிட்டு அதுவும் சேர்ந்து அணையும். இந்த மாதிரி மெஷினுக்கு 1000 விஏ-க்கு மேல், அதுவும் சைன் வேவ் (வீட்டுக் கரண்டைப்போல வழவழப்பான அலை) என்று தெளிவாகப் போட்டிருப்பதாக வேண்டும், ஏனென்றால் நல்ல எஸ்எம்பிஎஸ்களில் சில, மலிவு யுபிஎஸ் தருகிற முரட்டு அலையை ஏற்காமல் அணைந்துவிடும்.

வெயிலும் தூசியும் அடுத்தது. கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கிரானைட் அறுக்கிற இடங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். முன்பக்கம் முழுசும் கண்ணாடி போட்ட கேபினெட் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பல மாடல்களில் காற்று போக வழி குறைவு. முன்பக்கம் வலை போட்டு, கழற்றிக் கழுவுகிற ஃபில்டர் உள்ளதாக எடுங்கள். வாட்டர் கூலர் எல்லோருக்கும் தேவையில்லை, ரைசன் 7 9800 எக்ஸ்3டி போன்ற பிராசஸருக்கே ஒரு நல்ல ஏர் கூலர் போதும், பம்ப் கெட்டுவிடுமோ என்ற பயமும் இல்லை.

பிராசஸர் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். கேமுக்கு எத்தனை கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதி) என்பதைவிட கேஷ் மெமரி (பிராசஸருக்குள்ளேயே இருக்கிற வேகமான நினைவகம்) எவ்வளவு என்பது பல இடங்களில் முக்கியம். அந்த 9800 எக்ஸ்3டியில் எட்டுக் கோர்தான், ஆனால் 96 எம்பி எல்3 கேஷ் இருக்கிறது, பதினாறு கோர் வாங்கினால் கேம் இரண்டு மடங்கு வேகமாக ஓடும் என்று நினைப்பது வீண் செலவு. எல்லாவற்றுக்கும் முன்னால் மானிட்டரை முடிவு செய்யுங்கள். 4கே திரையில் சாதாரண ஃபுல் எச்டியைப்போல நான்கு மடங்கு புள்ளிகள், அதற்குத்தான் பெரிய கார்டு வேண்டும். ஃபுல் எச்டி மானிட்டரை வைத்துக்கொண்டு 5090 கேட்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது அவர்கள் அப்பாவின் சம்பளம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. ரேமை ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள், பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போது உள்ளே போகிற மதர்போர்டு செட்டிங்) போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்த ரேம் 4800-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, அந்த இடத்தில் பட்ஜெட் இடித்தால் லைட் ஃபேன்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்காதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு கணக்கு. மானிட்டரோடு சேர்த்து 600 வாட் இழுக்கிற மெஷின் தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் மூன்று யூனிட். இரண்டு மாத பில்லில் அது 180 யூனிட். வீட்டில் ஏற்கெனவே ஏசி ஓடுகிறது என்றால் 500 யூனிட்டைத் தாண்டிவிடும், தாண்டினால் கீழே இருக்கிற யூனிட்டுகளின் விலையும் சேர்ந்தே மாறும். இதையும் தெரிந்துகொண்டு வாங்கவேண்டும்.

கடைசியாக பில். பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்பார்கள். பில் இல்லாவிட்டால் கார்டு கெட்டுப்போகும்போது வாரண்டிக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறவேண்டும். பிராசஸர் பெட்டியோடு வருகிறதா, பெட்டி இல்லாமல் மொத்தமாக வருகிற டிரே பிராசஸரா என்று கேளுங்கள். டிரே என்றால் இன்டெல் நேரடியாக வாரண்டி தராது, விற்றவரைத்தான் பிடிக்கவேண்டும். செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக் கார்டு மலிவாக வந்தால் அது 2022 செப்டம்பர்வரை எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை உண்டாக்கும் மைனிங்கில் இரவு பகலாக ஓடினதாக இருக்கலாம், நேரில் போய் ஒரு மணி நேரமாவது கேம் ஓட்டிப் பார்த்து, ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் கவனித்து வாங்குங்கள்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் கடைக்காரர்களையும் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர், எனக்கே தெரியும். கொட்டேஷனில் எஸ்எம்பிஎஸ் என்ற வரியிலும் கம்பெனி, மாடல், 12 வோல்ட் ஆம்பியர், வாரண்டி எத்தனை வருடம் என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர்களே, அந்த நான்கும் இல்லாத கொட்டேஷனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.